அன்று பசி... இன்று பருமன்! 60 ஆண்டுகளில் நம்ம தட்டில் என்னதான் நடந்தது?

"ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்ட? நேரத்துக்குச் சாப்பிடுறதில்லையா?"

லீவுக்கு ஊருக்குப் போனால் பாட்டி கேட்கும் முதல் கேள்வி இதுதான். பேரன் 85 கிலோ இருந்தாலும் இதே கேள்விதான். கன்னம் உப்பிய குழந்தை என்றால் 'கொழுகொழு'ன்னு கொஞ்சுவார்கள். கல்யாணமான பெண் கொஞ்சம் உடம்பு போட்டால், 'இப்பதான் பூசினாப்ல நல்லா இருக்கா' என்பார்கள். இவை எல்லாமே பசியைப் பார்த்த தலைமுறையின் வார்த்தைகள். உடம்பில் சதை இருந்தால் வீட்டில் நெல் இருக்கிறது என்று அர்த்தம் கொண்ட காலம் அது.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 10 பேரில் 4 பேர் இன்று கூடுதல் எடை அல்லது உடல் பருமனோடு இருக்கிறார்கள். ஒரே மாநிலம், இரண்டே தலைமுறை. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற தாத்தாவின் பேரன், இன்று சர்க்கரை நோய் மருத்துவரின் வாசலில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு "வாயைக் கட்டத் தெரியல" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாமா? அல்லது அரசின் கொள்கை, சந்தை, விவசாயம், வேலை எல்லாம் சேர்ந்து நம்ம தட்டையே மாற்றிவிட்டதா? விரிவாகப் பார்ப்போம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

மத்திய அரசின் தேசிய குடும்ப நல ஆய்வு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய் உயரம், எடையை நேரடியாக அளந்து கணக்கெடுக்கிறது. அதன் மூன்று சுற்றுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் கதை புரிந்துவிடும். (பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களின் சதவீதம் இது.)

தமிழ்நாடு, பெண்கள்:
• 2005-06: 20.9
• 2015-16: 30.9
• 2019-21: 40.4

தமிழ்நாடு, ஆண்கள்:
• 2005-06: 14.5
• 2015-16: 28.2
• 2019-21: 37.0

இந்தியா, பெண்கள்:
• 2005-06: 12.6
• 2015-16: 20.6
• 2019-21: 24.0

இந்தியா, ஆண்கள்:
• 2005-06: 9.3
• 2015-16: 18.9
• 2019-21: 22.9

சுமார் 15 ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பெண்களிடம் விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆண்களிடம் இரண்டரை மடங்கு. தேசிய சராசரியைவிட தமிழ்நாடு எப்போதுமே முன்னால் நிற்கிறது. பெருமைப்பட முடியாத ஒரு முதலிடப் போட்டி!

இது இந்தியாவோடு நிற்கும் கதையும் இல்லை. 2022ல் உலகம் முழுவதும் உடல் பருமனோடு வாழ்பவர்களின் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டிவிட்டது என்று 2024ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அமெரிக்காவில் 1970களின் கடைசியில் 15 சதவீதமாக இருந்த பெரியவர்களின் பருமன் விகிதம், 2017-18ல் 42 சதவீதத்தைத் தாண்டியது. அவர்கள் 40 ஆண்டுகளில் போன பாதையில் நாமும் போய்க்கொண்டிருக்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், நம்ம ஊரில் பசி முழுசாக விடைபெறும் முன்பே பருமன் வந்து உட்கார்ந்துவிட்டது.

முதலில், பருமன் என்றால் எது?

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பிஎம்ஐ. உதாரணத்துக்கு, 160 செ.மீ. உயரம் உள்ளவர் 64 கிலோ இருந்தால் அவருடைய பிஎம்ஐ 25.

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கில் 25க்கு மேல் கூடுதல் எடை, 30க்கு மேல் பருமன். ஆனால் இந்திய மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் இதைவிடக் கறாரானது. 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25ஐத் தொட்டாலே பருமன். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் வயிற்றுப் பருமன்.

நமக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு? இதற்கு மருத்துவ உலகில் ஒரு புகழ்பெற்ற புகைப்படமே சாட்சி. புனேவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், பிரிட்டனைச் சேர்ந்த பேராசிரியர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் அருகருகே நிற்கும் அந்தப் படம் 2004ல் லான்செட் இதழில் வெளியானது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. பார்க்க இருவருமே ஒல்லிதான். ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது பிரிட்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம்!

கை, கால் மெலிந்திருக்கும், வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும். இதுதான் இந்திய உடம்பின் பிரச்னை. 'ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி சுகர் வந்துச்சு?' என்ற கேள்விக்கான பதிலின் ஒரு பகுதியும் இதுதான். தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஊட்டம் குறைந்து, எடை குறைவாகப் பிறக்கும் குழந்தை பிற்காலத்தில் வசதியான சாப்பாட்டைப் பார்க்கும்போது அதைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும் வாய்ப்பு அதிகம் என்று யாக்னிக் போன்றோரின் ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது, அன்றைய பசியின் கணக்கு இன்றைய தொப்பையில் எழுதப்படுகிறது.

கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும்

1960களுக்குப் போவோம். நாட்டில் விளைந்த தானியம் மக்களுக்குப் போதவில்லை. 1956ல் அமெரிக்காவோடு போட்ட பி.எல்.480 ஒப்பந்தத்தின்படி கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கியது. அடுத்தடுத்து மழை பொய்த்த நிலையில், 1966ல் மட்டும் இறக்குமதியான தானியம் சுமார் 1 கோடி டன்.

தமிழ்நாட்டு அரசியலையே அரிசிதான் புரட்டிப்போட்டது. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்பது திமுகவின் முக்கிய வாக்குறுதி. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போடப்பட்டது. ஒரு படி அரிசி ஒரு ஆட்சியைத் தீர்மானிக்கும் அளவுக்கு அன்று பசி இருந்தது என்பதைத்தான் இதில் கவனிக்க வேண்டும்.

அப்போது கிராமத்து வீடுகளில் தினமும் அரிசிச் சோறு கிடையாது. மானாவாரி நிலம் உள்ள ஊர்களில் காலையில் கம்மங்கூழ், கடித்துக்கொள்ள சின்ன வெங்காயம். மத்தியானம் கேழ்வரகுக் களியோ சோளச்சோறோ, கீரைக் கடைசலோடு. 'நெல்லுச்சோறு' என்று தனியாகப் பெயர் வைத்துச் சொல்லும் அளவுக்கு அரிசி விசேஷம். இட்லி, தோசை தீபாவளி பொங்கலுக்கு. எண்ணெய்ச் சட்டி வைப்பதும் அப்படித்தான்.

இதைப் படித்துவிட்டு, 'அந்தக் காலச் சாப்பாடுதான் ஆரோக்கியம்'னு உடனே ஸ்டேட்டஸ் போட்டுவிட வேண்டாம். அந்தச் சாப்பாடு பல வீடுகளில் வயிறு நிறையும் அளவுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் இறந்தார்கள். பள்ளிக்கு வந்தால் ஒருவேளை சோறு கிடைக்கும் என்பதற்காகவே 1956ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். பசியை ஒழிக்க எடுத்த முடிவுகள் தவறானவை இல்லை. அந்த முடிவுகளின் நீண்டகால விளைவுதான் இன்று நாம் பேசும் விஷயம்.

மாற்றம் 1: தட்டு முழுக்க வெள்ளை

1960களின் இரண்டாம் பாதியில் பசுமைப் புரட்சி வந்தது. மத்திய உணவு அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம், விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் என்று இரண்டு தமிழர்கள் அதில் முக்கியப் பங்கு வகித்தார்கள். குட்டை ரக நெல், குட்டை ரக கோதுமை, ரசாயன உரம், பாசனம், அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை, கொள்முதல், ரேஷன் கடை என ஒரு முழுச் சங்கிலி உருவானது. அந்தச் சங்கிலியில் இரண்டே தானியங்களுக்குத்தான் பெரிய இடம். அரிசி, கோதுமை.

கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு எல்லாம் வெளியே நின்றன. 1960களின் தொடக்கத்தில் ஓர் இந்தியர் ஆண்டுக்கு 30 கிலோவுக்கு மேல் சிறுதானியம் சாப்பிட்டார். 2010ல் அது 4 கிலோ சொச்சமாகச் சுருங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் 2008ல் ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய். 2011 ஜூன் முதல் இலவசம். எந்த வீட்டிலும் அடுப்பு அணையாது என்ற நிலை வந்தது. அது சாதாரணச் சாதனை இல்லை. ஆனால் இலவசமாகக் கிடைத்தது அரிசி. பருப்பு, காய், முட்டை, பழம் எல்லாம் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. கையில் காசு குறைவாக இருந்தால் ஒரு குடும்பம் என்ன செய்யும்? சோற்றைக் கூட்டும், குழம்பை நீட்டும், காயைக் குறைக்கும்.

இதோடு அரிசியே மாறியது. கைக்குத்தல் போய் மில் வந்தது. மில்லில் தீட்டத் தீட்ட அரிசி வெள்ளையானது. தவிட்டோடு நார்ச்சத்தும் வைட்டமினும் போனது.

இதன் இன்றைய படத்தை சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய 'இண்டியாப்' ஆய்வு காட்டுகிறது. நாடு முழுவதும் 1.21 லட்சம் பேரின் சாப்பாட்டை ஆராய்ந்து 2025ல் வெளியான முடிவின்படி, இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான்.

அப்போ அரிசிதான் வில்லனா? சிறுதானியத்துக்கு மாறிட்டா போதுமா?

இரண்டுக்குமே 'இல்லை' என்பதுதான் பதில். இதே ஆய்வில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசியைத் தூக்கிவிட்டு அதே அளவு கோதுமையோ சிறுதானியமோ சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருட்கள் போன்ற புரதத்தை வைத்தால்தான் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதோடு தொடர்பு தெரிந்தது.

சுருக்கமாகச் சொன்னால், தட்டில் மலைபோல் சாமைச்சோறு போட்டுக்கொண்டு பக்கத்தில் கொஞ்சூண்டு பொரியல் வைத்தால் அதுவும் பழைய கணக்குதான். என்ன தானியம் என்பதோடு, எவ்வளவு என்பதும் கேள்வி.

மாற்றம் 2: தூக்கில் வாங்கிய எண்ணெய், கேனில் வந்தது

செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் சின்னத் தூக்கில் அளந்து வாங்கிய காலம் ஒன்று இருந்தது. எண்ணெய் விலை அதிகம் என்பதால் அம்மாக்கள் கரண்டியில் அளந்துதான் ஊற்றினார்கள்.

1994ல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. மலேசியா, இந்தோனேசியாவில் இருந்து மலிவாக வந்து குவிந்தது. இன்று உலகத்திலேயே மிக அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருவது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளிலும் 2007ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் தரப்படுகிறது. பருப்பு புரதத்துக்குக் கைகொடுத்தது. பாமாயில் சமையலின் பழக்கத்தையே மாற்றியது. பண்டிகைக்கு மட்டும் வைத்த எண்ணெய்ச் சட்டி, வாரம் இரண்டு முறை அடுப்பில் ஏறியது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிதி ஆயோக் 2024ல் வெளியிட்ட அறிக்கையின்படி இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்கு 19.7 கிலோ சமையல் எண்ணெய் செலவாகிறது. அதாவது ஒரு நாளைக்கு சுமார் 54 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் சொன்ன மாதிரித் தட்டில் ஒரு நாளைக்கான எண்ணெய், கொழுப்பு 27 கிராம். சரியாக இரண்டு மடங்கு! ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. அப்படியென்றால் கூடுதல் 27 கிராமில் இருந்து மட்டும் தினமும் 240 கலோரிக்கு மேல். வீணாவது, மீதம் கொட்டுவது எல்லாம் கழித்தாலும் கணக்கு பயமுறுத்தத்தான் செய்கிறது.

பிரதமர் மோடி 2025 பிப்ரவரியில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில், மாதாமாதம் வாங்கும் எண்ணெயில் 10 சதவீதத்தைக் குறையுங்கள் என்று கேட்டுக்கொண்டதன் பின்னணி இதுதான்.

மாற்றம் 3: கடையில் தொங்கும் பாக்கெட்

இரண்டு நிமிட நூடுல்ஸ் இந்தியாவுக்குள் வந்தது 1983ல். 1977ல் நாட்டை விட்டுப் போன கோகோ கோலா, 1993ல் திரும்பி வந்தது. 1990களின் நடுவில் பெங்களூரிலும் டெல்லியிலும் வெளிநாட்டுப் பர்கர், பீட்சா, சிக்கன் கடைகள் திறந்தன. 2010களில் செல்போன் செயலிகள் சாப்பாட்டை வாசலுக்கே கொண்டுவந்தன.

ஆனால் பெரிய மாற்றம் மால்களில் நடக்கவில்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில் நடந்தது. 5 ரூபாய், 10 ரூபாய் சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம் இன்று பஸ் போகாத ஊருக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு வாழைப்பழத்தின் விலையில் ஒரு பாக்கெட். அழுகாது, உரிக்க வேண்டாம், பிள்ளை அழுகையை நிறுத்தும்.

வீட்டுச் செலவுக் கணக்கிலும் இது தெரிகிறது. மத்திய அரசின் நுகர்வுச் செலவு ஆய்வின்படி, 1999-2000ல் கிராமத்துக் குடும்பங்களின் மொத்தச் செலவில் தானியங்களுக்கு மட்டும் 22 சதவீதம் போனது. 2022-23ல் அது 5 சதவீதத்துக்கும் கீழே. அந்த ஆண்டு சாப்பாட்டுச் செலவிலேயே பெரிய பங்கு குளிர்பானம், டீ, நொறுக்குத்தீனி, வெளியே வாங்கும் சாப்பாடு உள்ளிட்ட வகைக்குத்தான். கிராமத்தில் மொத்தச் செலவில் 9.6 சதவீதம், நகரத்தில் 10.6 சதவீதம்.

இந்தப் பாக்கெட் உணவுகளில் பெரும்பாலானவை 'அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு' என்ற வகையைச் சேர்ந்தவை. வீட்டு அடுப்படியில் இல்லாத சேர்மானங்களைச் சேர்த்து, தொழிற்சாலையில் தயாராகும் உணவுகள். பிரேசில் ஆய்வாளர் கார்லோஸ் மான்டெய்ரோ குழு கொடுத்த வகைப்பாடு இது. 2011 முதல் 2021 வரை இந்தியாவில் இவற்றின் சில்லறை விற்பனை மதிப்பு ஆண்டுக்குச் சராசரியாக 13 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்று உலக சுகாதார நிறுவனத்தின் இந்தியா குறித்த அறிக்கை 2023ல் சொன்னது.

இவை ஏன் எடையைக் கூட்டுகின்றன? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில் நடந்த சோதனை 2019ல் வெளியானது. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, 2 வாரம் பதப்படுத்தப்பட்ட உணவும், 2 வாரம் இயல்பான உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவுகள் ஒன்றுபோலவே இருந்தன. வேண்டிய அளவு சாப்பிடலாம். முடிவு? பதப்படுத்தப்பட்ட உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ எடை கூடியது. இயல்பான உணவுக்கு மாறியபோது அதே அளவு குறைந்தது. மனிதர்கள் அதே மனிதர்கள்தான். தட்டுதான் வேறு.

டீயும் கணக்கில் உண்டு!

பாக்கெட்டை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு நாளைக்கு 4 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் சுமார் 40 கிராம். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. டீயோடு வரும் வடை, சாயங்கால பப்ஸ், ராத்திரி பரோட்டா எல்லாம் தனி.

மாற்றம் 4: உழைப்பு போச்சு, நடை வரல

அம்மி, ஆட்டுக்கல், உலக்கை, கிணற்றுத் தண்ணீர், விறகு. ஒரு காலத்துப் பெண்ணின் ஒரு நாள் இது. மிக்ஸியும் கிரைண்டரும் (2011ல் தமிழ்நாடு அரசே வீட்டுக்கு வீடு கொடுத்தது) அந்த முதுகொடியும் வேலையில் இருந்து பெண்களைக் காப்பாற்றின. யாரும் அம்மிக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், போன உழைப்பின் இடத்தில் நடையோ விளையாட்டோ வரவில்லை. நடக்கலாம் என்றால் பிளாட்பாரம் இல்லை. பூங்காவுக்குப் போகலாம் என்றால் வேலை முடிந்து, சமைத்து முடித்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து நிமிரும்போது மணி பத்து.

2024ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, போதுமான உடலுழைப்பு இல்லாத இந்தியர்கள் 2000ல் 22 சதவீதம். 2022ல் ஏறக்குறைய 50 சதவீதம். இதில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். மேலே பார்த்த எண்களில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஏன் முன்னால் இருக்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குண்டா இருந்தா சத்து இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. இதுதான் இந்தக் கதையின் வேதனையான பகுதி. அதே 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 12.6 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், பருமனும் சத்துக்குறைவும் சேர்ந்தே இருக்கின்றன. கலோரி மலிவாகிவிட்டது. இரும்புச்சத்தும் புரதமும் மலிவாகவில்லை.

விலை இங்கே கொஞ்சநஞ்சமில்லை. 'பருமன் பணக்கார வியாதி' என்ற பேச்சு இன்று முழு உண்மை இல்லை. வசதியானவர் ஜிம்முக்குப் போகலாம், பழம் வாங்கலாம், 2025ல் இந்தியச் சந்தைக்கு வந்த எடை குறைப்பு ஊசிகளைப் போட்டுக்கொள்ளலாம். ஷிஃப்ட் முடிந்து இரவு 11 மணிக்கு வெளியே வரும் தொழிலாளிக்குத் திறந்திருப்பது பரோட்டாக் கடைதான்.

விளைவு, மருத்துவச் செலவு. 2023ல் வெளியான இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று மதிப்பிட்டது. பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன். உழைக்கிற வயதில் ஒருவருக்கு மாரடைப்போ சிறுநீரகப் பாதிப்போ வந்தால், அந்தக் குடும்பம் சேர்த்தது எல்லாம் ஆஸ்பத்திரியில் கரைந்துவிடும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

• மெக்சிகோ: 2014 ஜனவரி முதல் இனிப்புக் குளிர்பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி. முதல் ஆண்டில் விற்பனை 5 சதவீதத்துக்கு மேலும், இரண்டாம் ஆண்டில் 10 சதவீதத்துக்கு நெருக்கமாகவும் குறைந்தது. பருமன் இதனால் மட்டும் மறைந்துவிடவில்லை.
• சிலி: 2016 முதல், சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.
• பிரிட்டன்: 2018ல் சர்க்கரை அளவுக்கு ஏற்ப குளிர்பான வரி. பல நிறுவனங்கள் வரிக்குப் பயந்து சர்க்கரையையே குறைத்தன.
• ஜப்பான்: பணக்கார நாடாகியும் பருமன் விகிதம் 5 சதவீத அளவில்தான். 2005ல் உணவுக் கல்விக்கே தனிச் சட்டம் போட்ட நாடு. பள்ளியில் மதிய உணவும் ஒரு பாடம்.

இந்தியாவில்?

கேரளா 2016ல் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீத 'கொழுப்பு வரி' போட்டது. அடுத்த ஆண்டு ஜிஎஸ்டி வந்ததும் அது போனது. பாக்கெட்டின் முன்பக்க எச்சரிக்கை பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022ல் நட்சத்திரக் குறியீட்டு வரைவை வெளியிட்டது. நட்சத்திரம் போட்டால் அது பாராட்டு போலத்தானே தெரியும், எச்சரிக்கை எங்கே என்று நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்தன. 2025ல் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு சிபிஎஸ்இ பள்ளிகளில், எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

இன்னொரு பக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி மாற்றத்தில் இனிப்புக் குளிர்பானங்களுக்கு 40 சதவீத வரி. ஆனால் பிஸ்கட், நூடுல்ஸ், சாக்லேட், ஐஸ்கிரீம், மிக்சர் வகைகளுக்கு 5 சதவீதமாகக் குறைப்பு. குடும்ப பட்ஜெட்டுக்கு நிம்மதி. உடம்புக்கு? விடை இன்னும் சில ஆண்டுகளில் ஆய்வுகளில் தெரியும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலை ஒட்டிச் சில எளிய விஷயங்கள்:

• சோறு: கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. முதலில் காய், பருப்பைத் தட்டில் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் சோறு போடுங்கள். வரிசை மாறினாலே அளவு மாறும்.
• காய், பழம்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய், 100 கிராம் பழம். விலை உயர்ந்த பழம் தேவையில்லை. முருங்கைக்கீரை, சுரைக்காய், கொய்யா போதும்.
• புரதம்: சுண்டல், தட்டைப்பயறு, முட்டை, மத்தி மீன். மாலை டீக்கு வடைக்குப் பதில் சுண்டல்.
• எண்ணெய்: ஒருவருக்கு மாதம் சுமார் 800 கிராம். நாலு பேர் வீட்டுக்கு மூன்றரை லிட்டர். மாதத் தொடக்கத்தில் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டால் கை தானாகச் சுருங்கும்.
• சர்க்கரை: டீயில் ஒரு ஸ்பூன் குறையுங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.
• அளவு நாடா: எடை மிஷினைவிட டெய்லர் டேப் பயனுள்ளது. மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி அளந்து குறித்து வையுங்கள்.

சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் உணவுமுறையை மாற்றக் கூடாது. 'ஏய் குண்டு' என்று பிள்ளைகளைக் கிண்டல் செய்வது எடையைக் குறைக்காது. ஒளித்து வைத்துத் தின்னத்தான் கற்றுக்கொடுக்கும்.

முடிவாக...

நம்ம தட்டு தானாக மாறவில்லை. கப்பலில் வந்த கோதுமை, குட்டை ரக நெல், ரேஷன் அட்டை, பாமாயில் டின், 5 ரூபாய் பாக்கெட் என்று ஒவ்வொன்றும் ஒரு முடிவின் விளைவு. முடிவெடுத்து மாற்றியதை இன்னொரு முடிவால் மாற்றவும் முடியும். ஒரு படி அரிசிக்காகத் திட்டம் போட்ட மாநிலம் இது. பசியை எதிர்த்து மதிய உணவு கொடுத்து, 2022ல் காலை உணவும் தொடங்கிய மாநிலம். ரேஷன் பையில் அரிசியோடு இன்னும் கொஞ்சம் பயறும், பள்ளித் தட்டில் இன்னும் ஒரு கரண்டி காயும், தெருவில் நடக்க ஒரு பிளாட்பாரமும் அதே மாநிலத்தால் முடியாததா என்ன?

அதுவரை, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டி 'இளைச்சுட்டியே' என்று இன்னொரு கரண்டி சோறு போட வந்தால், தட்டை இழுத்துக்கொள்ள வேண்டாம். "கீரை போடு பாட்டி"ன்னு கேளுங்க. பாட்டிக்கும் சந்தோஷம்.